மன்னிக்க வந்த பிள்ளை

பெலிக்ஸ் எழுதிய புத்தகத்தில் பதினேழு இடங்களில் கூரை ஒழுகுகிறது. அவனுடைய தங்கை அன்புமொழி பென்சிலால் கோடு போட்டு எண்ணியிருந்தாள். அவர்கள் வளர்ந்தது ஓட்டு வீடு. அப்பா அருள்தாஸ் மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். வருஷா வருஷம் ஆடி பிறந்ததும் ஆளைக் கூப்பிட்டு உடைந்த ஓட்டை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். மழைக்காலத்தில் அந்த வீட்டில் ஒழுகியது பெலிக்ஸின் மூக்கு ஒன்றுதான்.

புத்தகத்தின் பெயர் 'முறத்தில் கிடந்த சிலுவை'. அட்டையில் ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு ஜெபமாலை, ஒட்டிப்போன ஒரு வயிறு. வீட்டில் கரண்ட் இருந்ததை அட்டை போட்டவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மூன்று பதிப்பு வந்துவிட்டது, இரண்டு விருது கிடைத்துவிட்டது, இங்கிலீஷில் வேறு வரப்போகிறதாம். சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து, இரண்டு கார் நிற்கிற வீட்டில் ஏசி போட்டுக்கொண்டு, ஐம்பது வயதில் பசியைக் கண்டுபிடித்திருந்தான் பெலிக்ஸ்.

அன்புமொழி கிராம சுகாதார செவிலியர். ஆவூருக்கு இரண்டு மைல் இங்கிட்டு இருக்கிற துணை சுகாதார நிலையத்தில் வேலை. புதன்கிழமை தடுப்பூசிக் கூட்டம் கலைந்த பிறகு, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்தாள். கஷ்டப்பட்ட பிள்ளைப் பருவம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கடையில் சாமான் வாங்குவார்கள் போல என்று தோன்றியது. கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் மழை, கிழிந்த டவுசர், ஒரு நல்ல சாமியார், ஒரு கெட்ட பணக்காரி, எந்நேரமும் ஜெபமாலை உருட்டுகிற அம்மா. அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் சிரிப்பதில்லை, அடுத்தவன் கொல்லையில் மாங்காய் திருடுவதில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு கடவுளிடம் கேள்வி கேட்கிறார்கள். அன்புமொழி தினம் பார்க்கிற ஏழைப் பிள்ளைகள், ஊசி போட்டால் கையைக் கடித்து வைக்கிறார்கள்.

பொய் சொல்லிப் பேர் வாங்குகிறான், வாங்கிவிட்டுப் போகட்டும் என்று அவள் ஆறு அத்தியாயம் வரைக்கும் பொறுத்தாள். ஏழாம் அத்தியாயத்தில் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"அந்த வருடம் கொடும் பஞ்சம். பிறந்து பத்து நாள் ஆன என்னை என் தாய் ஒரு முறத்தில் கிடத்தி, ஒரு பணக்காரியின் வாசலில் வைத்தாள். மூக்காயி என்ற அந்தப் பெண் மாட்டைப் பார்ப்பதுபோல என் பல்லைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு முறம் தவிட்டுக்கு நான் விலைபோனேன். அன்றிரவு எங்கள் அடுப்பில் தவிட்டுக் கஞ்சி கொதித்தது. அதன்பிறகு சாகும்வரை என் தாய் என்னை ஒருமுறைகூட மகனே என்று அழைக்கவில்லை."

பத்து நாள் பிள்ளைக்கு ஏது பல் என்று கேட்க விருதுக் கமிட்டியில் பிள்ளை பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

நடந்தது இதுதான். அவர்களுடைய அம்மா சவேரியம்மாளுக்கு பெலிக்ஸுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து செத்தன. மூன்றும் பத்து நாள் தாண்டவில்லை. வாய் இறுகிப்போய், பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து போயின. ஊரில் அதை ஜன்னி என்றார்கள். நர்சிங் படிக்கிறபோது அன்புமொழிக்கு அது தொப்புள்கொடி அறுத்த அழுக்குக் கத்தியால் வந்தது என்று தெரிந்தது. அன்றைக்கு அவள் ஹாஸ்டலில் சாப்பிடவில்லை.

நாலாவதாக வயிற்றில் தங்கியபோது பக்கத்து வீட்டு மூக்காயி, "இந்தப் புள்ளைய எனக்கு வித்துரு சவேரி" என்றாள். பெற்ற பிள்ளை தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை, பிள்ளை தங்குகிற வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்கிற வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. இது அவள் பிள்ளை இல்லை, வேறு எவளோ பெற்றது என்று சாவு ஏமாந்து போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. மூக்காயிக்கு நாலு பிள்ளைகள், நாலும் கல்லுக்குண்டு போல இருந்தன. அவள் கும்பிடுவது ஊர் எல்லைக் கருப்பரை. ஆனால் மாதா கோயிலுக்கும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவாள். பணக்காரி என்று பெலிக்ஸ் எழுதிய மூக்காயிக்கு ஒன்றரை ஏக்கரும் இரண்டு மாடும் இருந்தன.

பிரசவத்துக்கு அடம்பிடித்து, சவேரியம்மாளை பஸ் ஏற்றிப் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் மூக்காயிதான். பத்தாம் நாள் பிள்ளையை முறத்தில் கிடத்தினார்கள். மூக்காயி தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய், ஒரு நாழிகை வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து கொடுத்து, "இது எம்புள்ள. ஒங்கிட்ட வளக்க விட்டுட்டுப் போறேன்" என்று தெரு கேட்கச் சொன்னாள். பெலிக்ஸ் பிழைத்தது தவிட்டாலா, ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோலாலா என்று கேட்டால், அன்புமொழி கத்தரிக்கோல் பக்கம்தான். எந்தப் பக்கம் நின்றாலும் பிழைக்க வைத்தவள் மூக்காயி.

விஷயம் தெரிந்து அந்தக் காலத்துப் பங்குச்சாமியார் கொதித்தார். மூன்று மாதம் பூசையில் சவேரியம்மாளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கவில்லை. சவேரியம்மாள் கோயில் வாசல்படியில் முழங்காலில் நின்று பூசை பார்த்தாள். "மாதாவும் புள்ளையப் பறிகுடுத்தவுகதான. அவுகளுக்குத் தெரியும்" என்றாளாம். புத்தகத்தில் அதே சாமியார் வெள்ளை அங்கி பறக்க சைக்கிளில் வந்து பிள்ளையை அடிமை வீட்டிலிருந்து மீட்கிறார்.

சவேரியம்மாள் மகனே என்று கூப்பிடாதது மட்டும் நிஜம். சோறு ஊட்டுவாள், தலையைக் கோதுவாள், காய்ச்சல் என்றால் இரவெல்லாம் மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். யார் கேட்டாலும் "மூக்காயி புள்ள" என்பாள். மகனே என்று வாய் தவறினால் சாவுக்குக் கேட்டுவிடுமோ என்ற பயம் அவளுக்குக் கடைசிவரை போகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட, "மூக்காயி புள்ள வந்துருச்சா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பெலிக்ஸ் அதை எழுதவில்லை. அவன் வந்திருந்தால் அல்லவா எழுதுவதற்கு.

அடுத்த திங்கட்கிழமை மூக்காயி பிரஷர் மாத்திரை வாங்க வந்தாள். வயது எழுபத்தாறு, காது பரவாயில்லை, எழுத்துதான் தெரியாது. முந்தானையிலிருந்து பளபளப்பான ஓர் அழைப்பிதழை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தாயி, இதப் பாரு. குளத்தூர்லருந்து ரெங்கராஜுன்னு ஒரு ஆளு கார்ல வந்து குடுத்துட்டுப் போறாக. எம்புள்ள புத்தகம் போட்டுருக்கானாம்ல. என்னைய மேடையில ஏத்தப் போறானாம். என் போட்டாவக்கூட போட்டுருக்காக. என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு."

ரெங்கராஜ் குளத்தூர் வாசகர் வட்டத்தின் தலைவர். வட்டத்தில் மொத்தம் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் அவருடைய மச்சினன்கள். மூக்காயியின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: "மன்னிப்பின் தருணம். தன்னைத் தவிட்டுக்கு வாங்கிய மூதாட்டியை நூலாசிரியர் மேடையில் மன்னிக்கிறார்."

அன்புமொழி அந்த வரியை இரண்டாம் முறை படித்தாள்.

"என்ன போட்டுருக்கு தாயி?"

"ஒங்க பேரு போட்டுருக்கு பெரியம்மா. பெரிய எழுத்துல."

"அப்படியா? எம்பேரா?" மூக்காயி கார்டை வாங்கி, தன் படத்தை ஒருமுறை துடைத்து, மறுபடி முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். "வாரவுக போறவுகளுக்கெல்லாம் காட்டிட்டேன். படிக்கத் தெரிஞ்சதுக கூட பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போகுதுக. வயித்தெரிச்சல்."

அன்று சாயங்காலமே அன்புமொழி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, மூக்காயி பெரியம்மாவ மேடையில ஏத்தி மன்னிக்கப் போறியாமே?"

"அழைப்பிதழ் பாத்தியா மொழி? நல்லா வந்திருக்குல்ல? அந்தக் காட்சிதான் முக்கியம். இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கிறவங்க அந்தம்மா உயிரோட இருக்காங்களான்னு கேட்டாங்க. வீடியோ எடுத்து அனுப்பணும்."

"ஒன்னைய எதுக்கு வித்தாங்கன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? அம்மா நூறு தடவ சொல்லியிருக்காங்க. ஆனா, மூணு புள்ளை ஜன்னில செத்துச்சுன்னு எழுதுனா யாருக்கு என்ன புரியும்? பசின்னா ஒரு வார்த்தை போதும், உலகத்துக்கே புரியும். இலக்கியத்துல உண்மைங்கிறது வேற, மொழி."

"பொய்ங்கிறது?"

"நீ கோவமா பேசுற. அம்மா இல்ல, அப்பா இல்ல. யாருக்கு வலிக்கப் போகுது?"

"பெரியம்மாவுக்கு வலிக்காதா?"

"அவங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்றான் பெலிக்ஸ்.

அதைச் சாதாரணமாகச் சொன்னான். அன்புமொழி போனைக் கட்டிலில் எறிந்தாள். இத்தனை வருஷமும் அண்ணன் கொஞ்சம் புளுகன், கொஞ்சம் பெருமைக்காரன் என்றுதான் நினைத்திருந்தாள். இவ்வளவு கேவலமானவன் என்று நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்காயியின் மகன் சேவுகன் தன் ஆட்டோவில் இரண்டு பேரையும் குளத்தூர் கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டு சவாரிக்குப் போய்விட்டான். வழியெல்லாம் அன்புமொழி சொல்ல வாயெடுத்தாள். மூக்காயி புதுச் சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, பேசிக்கொண்டே வந்தாள்.

"நாலு வருசமாச்சு தாயி அவனப் பாத்து. என்னைய மறந்துட்டான்னுதான் நெனச்சேன். பாரு, கூப்பிட்டு மேடையில ஏத்துறான்."

சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்து அன்புமொழி வாயை மூடிக்கொண்டாள். தன்னைத் தானே கோழை என்று திட்டிக்கொண்டாள்.

மண்டபத்தில் நூறு பேர் இருந்தார்கள். ஏதோ ஒரு கல்லூரிப் பிள்ளைகளை பஸ்ஸில் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். வாசலில் மேசை போட்டுப் புத்தகம் விற்றார்கள். பெலிக்ஸ் கதர் ஜிப்பா போட்டு, தோளில் ஜோல்னாப் பை மாட்டியிருந்தான். அந்தப் பைக்குள் கார் சாவியைத் தவிர வேறொன்றும் இல்லை. பேசியவர்கள் எல்லோரும் பசியைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் வடையும் டீயும் வந்தன, ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் ரெங்கராஜ் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு மூக்காயியை மேடைக்கு அழைத்தார். அவள் படியேறிப் போய், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, பெலிக்ஸின் கன்னத்தைத் தடவினாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துக் காமிராப் பக்கம் திருப்பி நிறுத்தினான்.

"ஐம்பது வருடமாக என் நெஞ்சில் கிடந்த பாரத்தை இன்று இறக்கி வைக்கிறேன்" என்றான் மைக்கில். "என் ஆண்டவர் எனக்கு மன்னிக்கக் கற்றுக்கொடுத்தார். தாயே, நான் உங்களை மன்னித்துவிட்டேன்."

கைத்தட்டல் கிளம்பியது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். மூக்காயி சிரித்த முகத்தோடு அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னத்துக்குய்யா?"

மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பெலிக்ஸ் புன்னகையைக் கலைக்காமல் அவளுடைய தோளைத் தட்டினான்.

"இல்லய்யா, என்னத்துக்கு மன்னிக்கிற? நான் என்ன செஞ்சேன் ஒன்னைய?"

அவள் ரெங்கராஜைப் பார்த்தாள். ரெங்கராஜ் பொன்னாடையைத் தேடினார். அப்போதுதான் மூக்காயிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சிரிப்பு போய், கூட்டத்துக்குள் கண்ணால் துழாவி அன்புமொழியைக் கண்டுபிடித்தாள்.

"தாயி, என்ன சொல்றான் இவன்?"

அன்புமொழி எழுந்தாள். வாசல் மேசையில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக மேடையேறினாள்.

"மேடம், இது நிகழ்ச்சியில இல்லைங்களே" என்று ரெங்கராஜ் குறுக்கே வந்தார்.

"நீங்க விக்கிற புத்தகந்தாங்க. அதுல ஒரு பக்கம் படிக்கப் போறேன். படிக்கத்தான விக்கிறீங்க?"

"மொழி, வேணாம்" என்றான் பெலிக்ஸ், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. மூக்காயியின் காதருகே நின்று, குழந்தைக்குப் படித்துக் காட்டுவதுபோல நிறுத்தி நிறுத்தி, ஏழாம் அத்தியாயத்தைப் படித்தாள். பஞ்சம், முறம், பல்லைப் பிடித்துப் பார்த்தது, தவிட்டுக் கஞ்சி, அடிமை வீடு, மீட்க வந்த சாமியார் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தாள். மைக் வேண்டியிருக்கவில்லை, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

மூக்காயி கடைசிவரை தலையைக் குனிந்து கேட்டாள்.

"மூக்காயின்னு எம்பேரையே போட்டுருக்கானா?"

"ஆமா பெரியம்மா."

"ஊரெல்லாம் இதப் படிச்சிருக்கா?"

"படிச்சிருக்காங்க."

"பஞ்சமாம்ல. இவன் அப்பன் வாத்தியாருல்ல? மாசம் பொறந்தா அவுக வீட்டுலதான நாங்க கைமாத்து அரிசி வாங்குவோம்." கல்லூரிப் பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி அடங்கியது. மூக்காயி சிரிக்கவில்லை. "அந்த மூணு புள்ளைக? மூத்தது சூசை. அடுத்தது ஆரோக்கியம். மூணாவதுக்குப் பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு. மூணையும் இந்தக் கையாலதான் குளிப்பாட்டிப் பொட்டிக்குள்ள வச்சேன். அதுகளப் பத்தி எழுதியிருக்கானா?"

"ஒரு வரிகூட இல்ல."

அதற்கப்புறம்தான் மூக்காயி பெலிக்ஸை நேராகப் பார்த்தாள். அன்புமொழிக்கு அந்தப் பார்வை தன்மேல் விழவில்லை என்று நிம்மதியாக இருந்தது. கோபம் என்றால் தாங்கிவிடலாம். சந்தையில் அழுகிய காயைப் பார்த்து ஒதுக்குகிறவளின் பார்வை அது.

"நல்லா கேட்டுக்கங்க எல்லாரும்" என்றாள் மூக்காயி. மைக் முன்னால் அவள்தான் நின்றாள், நகர்த்துகிற தைரியம் யாருக்கும் இல்லை. "தவிட்டுக்கு வித்த புள்ளைய, கலியாணத்தப்ப பெத்தவ வந்து திருப்பி வாங்கிக்கிறணும். அதான் மொறை. இவன் மெட்ராசுல கலியாணத்த வச்சான். எனக்குச் சொல்லல. சவேரி திருப்பி வாங்காமயே போய்ச் சேந்துட்டா. அதனால இன்னைய வரைக்கும் இவன் எம்புள்ளதான். இப்ப குடுத்துரலாம்னா யாருட்டக் குடுக்க?"

அவள் அன்புமொழி பக்கம் திரும்பினாள்.

"தாயி, நீ கூடப்பொறந்தவ. நீ வாங்கிக்கிறியா?"

பெலிக்ஸ் தங்கையைப் பார்த்தான். அன்றைக்குக் காலையிலிருந்து காமிராவுக்குக் காட்டிய முகம் இப்போது அவனிடம் இல்லை. "மொழி" என்றான் மெதுவாக. அவன் கேட்பது அவளுக்குப் புரிந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் தங்கை கட்டிப்பிடித்து அழலாம், கூட்டம் எழுந்து நின்று தட்டும், எல்லாம் சுபமாக முடியும். ஒரு நொடி அவளுக்கு அவன்மேல் பரிதாபம்கூட வந்தது. அப்படி வந்ததற்காகத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

"எனக்கு வேணாம் பெரியம்மா. நான் வாங்கி என்ன செய்ய?"

மூக்காயி தலையை ஆட்டிக்கொண்டாள், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல.

"பாத்தியாய்யா? ஒன்னைய வாங்க ஆளு இல்ல" என்றாள் பெலிக்ஸிடம். "சவேரிக்கு வாக்குக் குடுத்தவ நான், தெருவுல விட மாட்டேன். எம்புள்ளையாவே இருந்துட்டுப் போ. ஆனா எவ புள்ளன்னு யாராச்சும் கேட்டா, எம்பேர மட்டும் சொல்லிப்புடாத."

அவள் அன்புமொழியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பெலிக்ஸ் நின்ற இடத்திலேயே நின்றான். ரெங்கராஜ் மட்டும் பழக்க தோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சுற்றிலும் பார்த்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.